பழவேற்காடு ஏரியில் பறவை எண்ணுவது எப்படி? சூலூர்பேட்டைச் சாலையில் முதல்முறை நிற்பவர்களுக்கு

பொங்கல் விடுமுறையில் பூநாரை பார்க்க வருகிற பலர், தூரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டை நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோட்டில் எந்தெந்தப் பறவை, எத்தனை பறவை என்று எண்ணிப் பார்த்தால்தான் ஏரி பிடிபடும். இவற்றில் பெரும்பாலானவை ஐப்பசி மழையோடு வந்து, பங்குனி சித்திரையில் கிளம்பிவிடும். அதனால் ஒரே இடத்தில் ஜனவரியில் ஒருமுறை, மார்ச் கடைசியில் ஒருமுறை எண்ணுங்கள். இரண்டாவது முறைதான் அதிகம் கற்றுத்தரும்.

1. நிற்கும் இடம்

ஆந்திராவின் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை சுமார் 18 கி.மீ. அது ஏரியின் குறுக்கே கிழக்கு நோக்கிப் போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். போகும்போது இடப்பக்கம், அதாவது வடக்கே பாருங்கள். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்தே ஓடுவதால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும். தென்பக்கம் பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும், நிறத்தை வைத்து இனம் சொல்லவே முடியாது. வண்டியை இடப்பக்க ஓரத்தில்தானே நிறுத்துகிறோம், அதுவும் வசதி. வண்டிக்குள்ளிருந்தே பார்த்தால் பறவைகள் அவ்வளவாக மிரளாது. ஓரத்துச் சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் களி, கால் புதையும்.

கிழக்குக் கோடியில் விண்வெளி மையத்தின் சோதனைச் சாவடி. அங்கே கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

2. கருவி

8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10×50 வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கனமும் அதிகம், ஏரிக்காற்றில் ஆட்டமும் அதிகம். பணம் மிச்சமிருந்தால் ஸ்கோப்புக்கும் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) கனமான ட்ரைபாடுக்கும் போடுங்கள். ஸ்கோப்பில் 60 மடங்கு இருக்கிறதே என்று முழுவதும் திருப்பினால், கானல் ஏறிய பிறகு கலங்கல்தான் மிஞ்சும். 25, 30 மடங்கில் நிறுத்துங்கள். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் உருப்படியான நேரம்.

3. எண்ணுதல்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். ஆயிரக்கணக்கில் நிற்கும் கூட்டத்தை ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தால் நூறைத் தாண்டும் முன்பே பறவைகள் இடம் மாறிவிடும்.

முதலில் பத்துப் பறவையை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதை ஐந்து மடங்காக்கினால் ஐம்பதின் அளவு கிடைக்கும். பிறகு பைனாகுலரைக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தி, "ஐம்பது, நூறு, நூற்றைம்பது" என்று அடுக்கிக்கொண்டே போங்கள். அளவுகோலாக எடுக்கும் பத்து, கூட்டத்தின் நடுவிலிருந்து வரட்டும். ஓரத்தில் பறவைகள் தள்ளித் தள்ளி நிற்கும், அதை அளவாக வைத்தால் மொத்தமும் குறைந்துவிடும். பூநாரை தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேயும், அதனால் கழுத்தை எண்ணாமல் உடலை எண்ணுங்கள். கூட்டம் இடமிருந்து வலமாக நகர்ந்தால் நீங்கள் வலமிருந்து இடமாக எண்ணுங்கள். மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள்.

வாத்துக் கூட்டம் கலந்துதான் நிற்கும். முதலில் இனம் பார்க்காமல் மொத்தம் எண்ணுங்கள், 2,000 என்று வையுங்கள். பிறகு ஏதாவது நூறை எடுத்து இனம் பிரியுங்கள். 70 ஊசிவால் வாத்து, 20 தட்டைவாயன், 10 நீலச்சிறகி என்றால் கணக்கு 1,400, 400, 200. ஒரே இனம் ஓரிடத்தில் குவிந்து நிற்கும் என்பதால் இந்த நூறை மூன்று நான்கு இடங்களில் எடுக்க வேண்டும்.

பழகுவதற்கு ஒரு வழி: கூட்டத்தைப் படமெடுத்து, மதிப்பை எழுதி வைத்துவிட்டு, வீட்டில் படத்தின் மேல் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு புள்ளி வையுங்கள். பெரும்பாலும் நாம் குறைத்தே மதிப்பிட்டிருப்போம். எவ்வளவு குறைக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

4. எது எது

பெரும் பூநாரை அலகு வெளிர் சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரை அலகு முழுவதும் கருஞ்சிவப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். சாம்பல் பூத்த குஞ்சுகளைத் தனி இனம் என்று எழுதிவிடாதீர்கள். கூழைக்கடாவை அக்கம்பக்கத்தில் கூடபாத்து என்பார்கள். அதன் கூடுகள் தொரவாரிசத்திரம் அருகே நேலப்பட்டில், தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இருக்கின்றன. இரை தேடுவதற்குத்தான் இந்த ஏரிக்கு வருகிறது.

5. மார்ச் கடைசியில்

வடபகுதி வற்றி, தண்ணீர் குட்டை குட்டையாக நிற்கும். பறவைகள் அங்கே நெருங்கிவிடுவதால் தொகை கூடியது போலத் தோன்றும், ஏமாறாதீர்கள். வரித்தலை வாத்து பெரும்பாலும் கிளம்பியிருக்கும். மிச்சமிருப்பவை இனப்பெருக்கக் காலத்துக்கான இறகு உடைக்கு மாறிக்கொண்டிருக்கும். சாம்பலாக இருந்த கருவால் மூக்கனுக்குக் கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாகும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு, குளிர்காலத்தில் இல்லாத பழுப்பு முக்காடு வரும். சைபீரியாவின் வடகோடித் தூந்திரத்தில் முட்டையிடப் போகும் வளைமூக்கு உள்ளான், அந்தக் கல்யாணச் சிவப்பை இங்கேயே பூசிக்கொள்ளத் தொடங்குகிறது. பாதி சாம்பலும் பாதி சிவப்புமாக நிற்கும் பறவைதான் புதியவர்களைக் குழப்பும். நிறத்தை விட்டுவிட்டு அலகின் நீளத்தையும் வளைவையும் பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: இபேர்டில் (பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளம்) பதிகிறவர்களுக்கு. "நின்ற இடத்தில்" என்று பதிந்தால் 30 மீட்டருக்குள்தான் நகரலாம். எண்ணத் தெரியவில்லை என்று எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ் (X) போடாதீர்கள், தோராயமான எண்ணே மேல். தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஆரம்பாக்கத்தில் தொடங்கிய பட்டியலை ஆந்திராவின் தடா தாண்டியும் ஓட விட்டால், ஆந்திரப் பறவை தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். எல்லையில் முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை 2: "பைனாகுலரில் இரண்டு வட்டமாகத் தெரிகிறது, மங்கலாகவும் இருக்கிறது" என்பவர்களுக்கு. இரண்டு குழலையும் மடக்கி உங்கள் கண் இடைவெளிக்குக் கொண்டுவந்தால் வட்டம் ஒன்றாகும். பிறகு வலது குழலை மூடி, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்குவளைகளைக் கீழே இறக்கிவிட வேண்டும்.