தேவாலா தங்கச் சுரங்கங்களைத் தேடிப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

நீலகிரி மாவட்டத்தில், கூடலூரிலிருந்து பந்தலூர் போகிற சாலையில் தேவாலா இருக்கிறது. 1879 முதல் 1882 வரை இந்தச் சிற்றூரின் பெயர் லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்டது. லண்டனில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இந்த வட்டாரத்துத் தங்கத்தை நம்பிக் கிளம்பின. இன்று மிச்சமிருப்பது தேயிலைக்கு நடுவே புதர் மூடிய குழிகளும், மலையைக் குடைந்துவிட்டு அப்படியே விட்டுப்போன சுரங்கங்களும்தான்.

அந்தச் சுரங்கங்களுக்குள் மட்டும் போகாதீர்கள். வாசலில் நின்று பார்த்தால் உறுதியான பாறை மாதிரிதான் தெரியும், ஆனால் மேலே இருப்பது வருடா வருடம் மழையில் ஊறிய மண், எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது, உள்ளே காற்றும் சரியாக இருக்காது. கூலி வேலை போதாமல் திருட்டுத்தனமாகத் தங்கம் எடுக்க இறங்கியவர்கள், பழகிய கைகள்தான், மண் சரிந்து செத்திருக்கிறார்கள். செல்ஃபிக்காக நாம் இறங்கலாமா? பாதையை விட்டு விலகி நடப்பதும் ஆபத்துதான், செடி மூடிய குழி காலடிக்கு வரும்வரை தெரியாது.

அப்புறம், "தங்கம் தீர்ந்துபோனதால் மூடிவிட்டார்கள்" என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படியல்ல. இங்கே தங்கம் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லுக்குள் மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது, ஒரு டன் கல்லை இடித்தால் தேறுவது சில கிராம்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. கல்லை முறையாகச் சோதிப்பதற்கு முன்பே எஸ்டேட்டுகளைக் கொள்ளை விலைக்கு வாங்கி, பங்கு விற்று, எந்திரங்களை மலையேற்றினார்கள். லாபம் நிலத்தை விற்றவர்களுக்குப் போனது. இதைக் கர்நாடகத்துக் கோலார் தங்கவயலோடு சேர்த்துப் பேசுவதும் தவறு, அங்கே சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் 2001 வரை ஓடியது. வெள்ளைக்காரர்தான் தங்கத்தைக் கண்டுபிடித்தார் என்பதும் சரியல்ல. அவர்கள் வருவதற்கு முன்பே பழங்குடிகளான குறும்பர்கள் ஓடை மண்ணை அலசித் தங்கப்பொடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது "பேய் ஊர்" என்ற தலைப்புதான். பணியர், குறும்பர் குடியிருப்புகள் இங்கே இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகவேண்டாம். தமிழ்நாட்டிலேயே அதிக மழை கொட்டும் இடங்களில் தேவாலாவும் ஒன்று, அட்டைக்கடியும் சேர்ந்து வரும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. எப்போது போனாலும் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று டீக்கடையில் விசாரித்துவிட்டு, இருட்டுவதற்குள் சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.