பல்ஸ் ஆக்சிமீட்டர்: எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

விரலில் மாட்டி, இரத்தத்தில் ஏறியுள்ள ஆக்சிஜன் அளவை (சாச்சுரேஷன்) விழுக்காட்டில் காட்டும் கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்கள், பணியில் சேர்ந்த காலத்தில் நான் செய்த தவறுகளை அப்படியே திரும்பச் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கருவியைத் தலைகீழாக மாட்டுவது போன்ற பிழைகள் ஒரே நாளில் திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அலையைப் பார்க்காமல் எண்ணை நம்புவது

இக்கருவி விரலின் ஒரு பக்கத்திலிருந்து 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் மாறி மாறிச் செலுத்தி, மறுபக்கம் வந்து சேரும் ஒளியை அளக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியையும், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியையும் கூடுதலாக உறிஞ்சும். தோலும் எலும்பும் சிரை இரத்தமும்கூட ஒளியை உறிஞ்சினாலும் அந்த அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. தமனி இரத்தத்தின் அளவு மட்டுமே ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைகிறது. வேறொரு இதய அளவீட்டுக்கு இடையூறாக இருந்த இந்த ஏற்ற இறக்கத்தை நீக்க முயன்றபோதுதான், அதையே அளவீடாகக் கொள்ளலாம் என்று 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ ஆவோயாகி கண்டறிந்தார்.

ஆக, துடிப்பு சரியாகக் கிடைக்காவிட்டால் அளவீடே இல்லை. கை நடுங்கும்போது இரண்டு ஒளிகளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மாறுவதால் அவற்றின் விகிதம் ஒன்று என்ற எண்ணை நெருங்குகிறது. கருவியின் கணக்கில் ஒன்று என்றால் சுமார் 85 விழுக்காடு.

இதை அறியாத நாளில், ஓர் இரவுப் பணியில், முதியவர் ஒருவருக்கு 85 என்று கண்டதும் ஆக்சிஜனைக் கூட்டி, மருத்துவரை எழுப்பி வரவழைத்தேன். மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி எடுத்த இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இயல்பாகவே இருந்தது; அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவர் வலியில் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது. சென்ற மாதம் புதியவர் ஒருவர் இதே தவறைச் செய்தபோது எனக்குக் கோபமே வந்தது, ஏனென்றால் துடிப்பை வரைந்து காட்டும் அலை சிதைந்து, அதே திரையில், எண்ணுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பாருங்கள். பிறகு அலை சீராக இருக்கிறதா, திரை காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் கையால் எண்ணியதும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கையைச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டுங்கள். அலை சீராக இருந்தும் 85 என்று காட்டினால் அது உண்மையான ஆபத்து; ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

நகப்பூச்சு

துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

புகையில் சிக்கியவரின் 99

நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை இக்கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிடும். உண்மையை அறிய இரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஆக்சிஜன் கொடுக்கும்போது மூச்சை எண்ணாமல் விடுவது

மூச்சு குறைந்து உடலில் கரியமில வாயு தேங்கினாலும், ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சாச்சுரேஷன் 98இலேயே வெகுநேரம் நிற்கலாம்.

தோலின் நிறத்தை மறப்பது

கருமையான தோல் உடையவர்களுக்குக் கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். இவ்வாறு கருவியின் கண்ணுக்குத் தப்பிய ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்ததை 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. அத்தகைய நோயாளி மூச்சுத் திணறலோடு இருக்கும்போது திரையில் 93 என்று கண்டு திரும்பிவிடாமல், தமனி இரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.