ஐப்பசி ஈரமும் 1/35 டாங்கியும்: கடற்கரை ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

முதல் 1/35 (நிஜ வண்டியில் 35இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் டாங்கி மாடலைக் கட்டுகிறவர்களின் சறுக்கல்களில் பாதி எல்லா ஊருக்கும் பொதுவானவை. பசை வழிவது, பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) கையால் பிய்ப்பது, இடதையும் வலதையும் மாற்றி ஒட்டுவது எல்லாம் இரண்டாவது கிட்டுக்குள் தாமாகவே நின்றுவிடும். அவற்றை விட்டுவிடலாம். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் தொடங்குகிறவர்கள் விழும் குழிகள் வேறு. உப்புக் காற்றும் ஈரமும் தோண்டிய குழிகள் அவை. ஒவ்வோர் ஐப்பசியிலும் அதே உடைந்த மாடல், அதே கேள்வியோடு மேசைக்கு வருகிறது.

காயாத பூச்சின் மேல் வாஷ்

பணத்தையும் ஒரு மாத உழைப்பையும் சேர்த்து விழுங்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் நிற்காதது எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நடப்பது இப்படி. டி-55 என்ற சோவியத் டாங்கியின் கிட், சுத்தமான கட்டுமானம். சனிக்கிழமை இரவு அக்ரிலிக் பச்சை, ஞாயிறு காலை பளபளப்பு வார்னிஷ், அன்று மாலையே எனாமல் வாஷ், அதாவது மடிப்புகளில் நிழல் தர நன்றாக நீர்க்கவிட்ட எனாமல் பெயிண்ட். பெரிய பிரஷை வாஷில் முக்கி, வண்டியின் அடிப்பகுதி முழுக்க ஊற்றாத குறையாகப் பூசுகிறார்கள். திங்கட்கிழமை துடைக்கும்போது பச்சை கொழகொழத்துத் துணியோடு வருகிறது. புதன்கிழமை சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று தொட்டதும் முறிகிறது. மறுநாள் இன்னொன்று. பிளாஸ்டிக் மட்டம் என்று கிட் மேல் பழி போடுகிறார்கள். பிளாஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை.

இதில் இரண்டு தவறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது, பூச்சு காய்வது. விரலில் ஒட்டாதது வேறு, காய்ந்தது வேறு. கருவாடு போடுகிற வீட்டில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேல்தோல் விறைத்திருந்தாலும் முள்ளோரத்தில் ஈரம் நிற்கும், அதை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பூச்சும் அப்படித்தான். அக்ரிலிக் இருபது நிமிடத்தில் கையில் ஒட்டாது. ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீரும் ஆல்கஹாலும் வெளியேற, வறண்ட பங்குனி நாளில் ஒரு முழு நாள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சுற்றியுள்ள காற்றே தண்ணீரைச் சுமந்து நிற்கும்போது இரண்டு மூன்று நாள் ஆகும். வல்லேஹோ போன்ற முழுக்கத் தண்ணீர் சார்ந்த பெயிண்ட்டுக்கு இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலில் அச்சிட்ட நேரம் நம் கடற்கரைக்காக எழுதியதல்ல. ஈரம் உள்ளிருக்கும்போதே வார்னிஷால் மூடினால், வார்னிஷும் உறுதியாகப் பிடிக்காது. அதன் மேல் ஒயிட் ஸ்பிரிட் (எனாமலுக்கான தின்னர்) கலந்த வாஷ் விழுந்தால் கீழ்ப்பூச்சு வரை இளகிவிடும்.

இரண்டாவது, அளவு. ஒயிட் ஸ்பிரிட், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்காது. ஆனால் பிளாஸ்டிக் எங்கே இழுபட்டோ வளைந்தோ நிற்கிறதோ, அங்குள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களுக்குள் புகுந்து அவற்றைத் திறந்துவிடும். டாங்கியில் அப்படி இழுவை உள்ள இடம் அடிப்பகுதிதான். இறுக்கமான துளைக்குள் அழுத்தி நுழைத்த அச்சு, டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) இழுத்துப் பிடிக்கும் முன் சக்கரம், சமமாக இல்லாமல் கட்டாயப்படுத்தி ஒட்டிய கைகள் என்று எல்லாமே அங்கே இருக்கின்றன. மாடலைத் தட்டையாக வைத்து வாஷ் ஊற்றினால் வழிந்து தேங்குவதும் அங்கேயேதான். உட்பக்கம் பெயிண்ட்டே படாத வெற்றுப் பிளாஸ்டிக் என்பதால் தடுப்பும் இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு ஸ்ப்ரூ துண்டை வளைத்து நூலால் கட்டி, வளைவில் தின்னரைத் தொட்டு வைத்துப் பாருங்கள்.

சரியான வழி இது. ஒட்டும் முன் அச்சும் துளையும் தளர்வாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் துளையை வட்ட அரத்தால் ஒரு சுற்று தேயுங்கள். அடிப்பகுதியின் உட்புறத்துக்கும் பிரைமர் அடியுங்கள். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் மாடலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். மணம் வந்தால் இன்னும் காயவில்லை. அதே பூச்சை ஒரு ஸ்ப்ரூ துண்டிலும் அடித்து வைத்து நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஒரு நாள் காத்திருங்கள். வார்னிஷுக்கும் இதே சோதனைதான், மழை மாதத்தில் குறைந்தது 48 மணி நேரம். அதன் பிறகும் வாஷைப் பரவலாகப் பூசாமல், 0 எண் பிரஷின் நுனியால் ஆணித்தலை, தகடு இணையும் கோடு, கீல் ஆகியவற்றில் மட்டும் தொடுங்கள். கோட்டில் ஒரு புள்ளி வைத்தால் அதுவே ஓடிக்கொள்ளும். பதினைந்து நிமிடம் முதல் அரை மணி கழித்து, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் ஒற்றியெடுத்த பிரஷால் மேலிருந்து கீழாக இழுத்துத் துடையுங்கள். பிரஷ் ஈரப்பதமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. பிறகு மாடலைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், தேங்கியது வெளியேறட்டும்.

காத்திருக்கவே முடியாதவர்கள் அடிப்பூச்சை லாக்கரில் (வேகமாக ஆவியாகும் தின்னர் சார்ந்த பெயிண்ட்) அடிக்கலாம். சில மணி நேரத்தில் இறுகும், ஒயிட் ஸ்பிரிட்டுக்கு அசையாது. ஆனால் மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு லாக்கர் அடிக்காதீர்கள். துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும்.

ஹார்டுவேர் கடை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷைக் கழுவ மட்டும். மாடலில் பட்டால் பிளாஸ்டிக் உருகும்.

ஜன்னல் கம்பித் துருவை டாங்கியில் ஏற்றுவது

பாம்பனில் ஒரு ஜன்னல் கம்பி, மண்டபம் கரையில் ஏற்றி வைத்த படகின் போல்ட், தனுஷ்கோடியில் உப்புத் தண்ணீரில் ஓடிய பழைய ஜீப்பின் அடித்தகடு. நம் கண்ணுக்குப் பழகிய துரு இதுதான். அடுக்கடுக்காக உரிந்து, செங்கல் நிறத்தில் வழிந்து நிற்கும். புதியவர்கள் அதை அப்படியே டாங்கியில் வைக்கிறார்கள். 1971 டிசம்பர் இந்திய-பாகிஸ்தான் போரில் ராஜஸ்தானின் லோங்கேவாலா மணலில் நின்ற டாங்கிக்கும் அதே ராமேஸ்வரம் துரு.

ஓடிக்கொண்டிருக்கும் ராணுவ வண்டிக்குப் பெயிண்ட் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, பராமரிக்க ஆள் இருக்கிறது. பாலைவனத்தில் அதன் மேல் தெரிவது வெளுத்த நிறமும், மடிப்புகளில் படிந்த புழுதியும், ஆள் ஏறி இறங்கும் இடத்தில் தேய்ந்த பெயிண்ட்டும்தான். துரு தங்குவது புகைபோக்கியில். வெப்பத்தில் அங்கே பெயிண்ட் நிற்காது. டிராக் பெரும்பாலும் மங்கலான பழுப்பு, தரையில் உரசும் முகம் மட்டும் பளிச்சென்று எஃகு நிறம். முழு வண்டியும் ஆரஞ்சாக மாறுவது எரிந்துபோன டாங்கியில். எரிந்த இடத்தில் பெயிண்ட் போய்விடுவதால் சில நாட்களிலேயே துரு பிடிக்கும்.

எந்தப் பாகம் எந்த உலோகம் என்றும் கேளுங்கள். எம்-113 கவச வண்டியின் உடல் அலுமினியம். அதில் பெயிண்ட் பெயர்ந்தால் வெள்ளி நிறம் தெரியும், துரு வராது. டி-55 சக்கரத்தின் விளிம்பு ரப்பர். அங்கே வெள்ளிக் கீறல் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கீறலின் அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/35இல் ஒரு மில்லிமீட்டர் பொட்டு, நிஜ வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர் பெயர்ச்சி. மேல்தகடு முழுக்க அப்படிப் பொட்டு வைத்தால் அது டாங்கி இல்லை, அம்மை போட்ட ஆள்.

கல் உப்பு

துரு நிறத்தின் மேல் தண்ணீர் தடவி, உப்புத் தூவி, மேல்நிறம் அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிட்டால் பெயிண்ட் பெயர்ந்த தோற்றம் கிடைக்கும். நல்ல முறைதான். ஆனால் உப்பளத்திலிருந்து அள்ளி வந்த உப்பை நேராகத் தூவாதீர்கள். சுத்திகரிக்காத உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், மழை மாதத்தில் பெயிண்ட் அடிக்கும் முன்பே விளிம்பு கரைந்து குழம்பாகிவிடும். பொட்டலத் தூள் உப்பை வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்து, ஆறவிட்டு உடனே பயன்படுத்துங்கள். பெரிதும் சிறிதுமாக வேண்டுமானால் அதிலேயே கொஞ்சம் நல்ல படிக உப்பை நசுக்கிக் கலக்கலாம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் மென்மையான பிரஷால் முழுக்கக் கழுவுங்கள். ஒரு துளி உப்பு மிஞ்சினாலும், சில வாரம் கழித்து வார்னிஷின் அடியில் வெள்ளையாகப் பூத்து வரும்.

தனுஷ்கோடி மணலைத் தரையாக வைப்பது

மணலிலும் உப்பு இருக்கிறது. வாளியில் போட்டு மூன்று நான்கு தண்ணீர் மாற்றி அலசி, காயவைத்து, பிறகு சலியுங்கள். பருமனும் இடிக்கும். கால் மில்லிமீட்டர் மணல் 1/35இல் ஒன்பது மில்லிமீட்டர் ஜல்லி. பாலைவனத் தரைக்கு மெல்லிய துணியில் சலித்த தூளோ பிக்மென்ட் என்ற நிறத்தூளோதான் ஒத்துவரும். கண்மாய்க் களிமண் காய்ந்து இடித்தால் அருமையான தூள், ஆனால் நிறம் கறுப்பு. ராஜஸ்தானுக்கு அது பொருந்தாது.

மேட் வார்னிஷ் வெளுப்பது

ஈரப்பதமானி 70 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினால் லாக்கர் வார்னிஷைத் தொடாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வியர்ப்பது போல அதன் மேல் நீர் படியும், பூச்சு பால் போல வெளுக்கும். வெளுத்துவிட்டால் பதறிச் சுரண்ட வேண்டாம். வறண்ட நாளில், மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் தூரத்திலிருந்து பனி போல ஒரு முறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வெயிலில் காயவைப்பது

வேண்டாம். பீரங்கிக் குழாய் வளையும்.

கம்ப்ரசர்

காற்றிலுள்ள நீரைப் பிடிக்கும் ஈரப்பொறி இல்லாமல் நம் ஊரில் ஏர்பிரஷ் பிடிக்காதீர்கள். பொறி இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வடித்துவிடுங்கள், நீண்ட குழாயில் மீண்டும் நீர் கட்டும்.

டெக்கால்

எண், சின்னம் அச்சிட்ட டெக்கால் ஒட்டுப்படத்தை மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும். முதலில் பளபளப்பு வார்னிஷ்.

வினைல் டிராக்

பழைய கிட்களில் வரும் மென்மையான கறுப்பு டிராக்கில் பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. வருடக்கணக்கில் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது கசிந்து சக்கரத்தை உருக்கும். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும், வெப்பமான பரணில் இதே கதிதான். கிட் வாங்கிய அன்றே டிராக்கைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். பொருத்தும் முன் சக்கரத்தின் விளிம்பில் இரண்டு கோட் பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முடிந்தால் தனித்தனிக் கண்ணிகளாக வரும் பிளாஸ்டிக் டிராக்கை வாங்கி மாற்றிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு எண்பது தொண்ணூறு கண்ணி கோக்க ஒரு வாரம் போகும். சக்கரங்களின் மீது அது தொய்ந்து கிடப்பதை வினைல் ஒருநாளும் தராது.