கயனைட்: நிறத்தையும் படத்தையும் நம்பிச் செய்யும் தவறுகள்

அலுமினியம் இரண்டு, சிலிக்கான் ஒன்று, ஆக்சிஜன் ஐந்து. இந்தக் கணக்கில் அமைந்த கனிமங்கள் இயற்கையில் மூன்று: ஆண்டலுசைட், கயனைட், சில்லிமனைட். வேதி வாய்ப்பாடு ஒன்றுதான், அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. களிமண் படிந்து உருவான பாறை பூமிக்குள் புதைந்து உருமாறும்போது, அங்கிருக்கும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்து இவற்றில் ஒன்று முளைக்கும். பாறை பட்ட பாடெல்லாம் இதைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைப்பதால்தான் தவறுகள் வருகின்றன. கயனைட்டில் அவை கொஞ்சம் அதிகம்.

நீலமாக, பட்டை பட்டையாக நீண்டிருந்தால் உடனே கயனைட் என்று குறித்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். கயனைட் வெள்ளையாகவும் சாம்பலாகவும் பச்சையாகவும் வரும். கிராஃபைட் கலந்தால் கறுத்தும் இருக்கும். ஒரே படிகத்தில் நடுவே நீலமும் ஓரத்தில் வெண்மையும் இருப்பது சாதாரணம். நிறத்தைவிடக் கத்தியை நம்பலாம். எஃகுக் கத்தியின் முனையால் படிகத்தின் நீளவாக்கில் அழுத்தி இழுத்தால் வெள்ளைப் பொடியுடன் கீறல் விழும். அதே கத்தியைக் குறுக்கே இழுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். மோஸ் அளவுகோலில் (1 மிக மென்மை, 10 வைரம்) நீளவாக்கில் கடினத்தன்மை 4 முதல் 5.5 வரை, குறுக்கே 6 முதல் 7 வரை. ஆகவே ஒரே திசையில் கீறிப் பார்த்து ஒற்றை எண்ணை எழுதினால் அது பாதி விடைதான்.

நகைக்கு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேபாளத்தில் கிடைக்கும் நல்ல நீலக் கயனைட், பட்டை தீட்டிவிட்டால் பார்வைக்கு நீலக்கல் மாதிரியே இருக்கும். நீலக்கல்லின் கடினத்தன்மை 9, ஒப்படர்த்தி (அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 4. கயனைட்டின் ஒப்படர்த்தி 3.6 அளவுதான். தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. ஆனால் எளிதில் பிளக்கும் கல் என்பதால் தினமும் போடும் மோதிரத்துக்கு ஆகாது. அல்ட்ராசோனிக் கருவியில் போட்டுச் சுத்தம் செய்யவும் கூடாது.

அடுத்தது வடிவம். ஆண்டலுசைட்டில் ஒரு வகை உண்டு. வெட்டுமுகத்தில் கரித்துகள்கள் சிலுவைபோல் படிந்திருக்கும். சிலுவையைக் கண்டால் ஆண்டலுசைட் என்று வகுப்பில் படித்திருப்போம். ஆஸ்திரியாவின் கோரால்பே மலைப்பகுதியில் அதை நம்பினால் மாட்டிக்கொள்வோம். அங்கே பெர்மியன் காலத்தில் (சுமார் 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) குறைந்த அழுத்தத்தில் ஆண்டலுசைட் வளர்ந்தது. பிறகு, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்து ஆல்ப்ஸ் மலையாக்கத்தில் அதே பாறை ஆழத்துக்குப் போனது. ஆண்டலுசைட் இருந்த இடத்தைப் பொடிப்பொடியான கயனைட் பிடித்துக்கொண்டது. வெளிவடிவம் பழையது, உள்ளே இருப்பது புதியது. கல்லை உடைத்து மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்காமல் பெயர் எழுதினால் இரண்டு நிகழ்வுகளில் ஒன்றைத் தொலைத்துவிடுவோம். நுண்ணோக்கியில் கயனைட்டை அடையாளம் காண்பது எளிது: கூடுதலான ஒளிவிலகலால் சுற்றியிருக்கும் குவார்ட்ஸுக்கு மேலே எழும்பி நிற்பதுபோல் தெரியும், முனைவாக்கிய ஒளியில் சீவலைச் சுழற்றினால் பல வெட்டுகளில் படிகத்தின் நீளத்துக்குச் சாய்ந்த கோணத்தில் இருளும். சில்லிமனைட் ஊசிகள் சாயாமல் நேராக நிற்கும்போது இருளும்.

"கயனைட் என்றால் உயர் அழுத்தம்" என்ற மனப்பாட வாக்கியமும் இப்படித்தான். மூன்றிலும் அடர்த்தியானது கயனைட் என்பது உண்மை. அழுத்தம் கூடினால் அதற்குத்தான் சாதகம். ஆனால் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. 400 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ இரண்டரை கிலோபார் (ஒரு கிலோபார் என்பது காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு), அதாவது சுமார் 9 கிலோமீட்டர் ஆழமே போதும். 700 டிகிரியில் 7 முதல் 8 கிலோபார் வரை தேவை. ஒரே கயனைட், ஆழமோ மூன்று மடங்கு! கூட இருக்கும் கார்னெட், ஸ்டாரோலைட், மைக்கா ஆகிய கனிமங்களைப் பார்க்காமல் ஆழத்தைச் சொல்லாதீர்கள்.

என் கணக்கில் இருப்பதிலேயே பெரிய தவறு இன்னொன்று. மூன்று கனிமங்களும் ஒரே பாறையில் இருந்தால், மூன்றும் சமநிலையில் சேர்ந்திருக்கும் மும்மைப் புள்ளியில் அந்தப் பாறை உருவானது என்று முடிவுகட்டுவது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றுக்கிடையே ஆற்றல் வேறுபாடு மிகவும் சிறியது. நிலைமை மாறினாலும் பழைய கனிமம் கரையாமல் பிடிவாதமாக நிற்கும், பக்கத்தில் புதியது வளரும். அதுவும் பழையதன் மேலேயே வளர வேண்டும் என்பதில்லை. பல பாறைகளில் சில்லிமனைட் இழைகள் கயனைட்டைத் தொடாமல், தள்ளியிருக்கும் பயோடைட் என்ற கருப்பு மைக்காவுக்குள் முளைத்திருக்கும். இடையில் மஸ்கோவைட் என்ற வெள்ளை மைக்கா தரகராக நின்று அணுக்களைக் கைமாற்றுகிறது என்று 1969இல் புவியியலாளர் கார்மைக்கேல் விளக்கினார். எது எதன்மேல் வளர்ந்திருக்கிறது, எது எதை அரித்திருக்கிறது என்று வரிசையைப் பாருங்கள்.

மும்மைப் புள்ளியின் எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1969இல் ரிச்சர்ட்சன் குழு 622 டிகிரி, 5.5 கிலோபார் என்றது. 1971இல் ஹோல்டவே 501 டிகிரி, 3.76 கிலோபார் என்றார். பின்னாளைய வேலைகள் பெரும்பாலும் ஹோல்டவே பக்கம் சாய்ந்தன; 1992இல் பேட்டிசன் மட்டும் நடுவே 550 டிகிரி, 4.5 கிலோபார் என்று வைத்தார். ஒரு நூலின் வெப்ப-அழுத்த வரைபடத்தையும் இன்னொன்றின் எண்ணையும் கலந்தால் ஆழத்தில் பல கிலோமீட்டர் பிசகும்.

கயனைட் இல்லை என்பதாலேயே அழுத்தம் குறைவு என்று சொல்லிவிடவும் முடியாது. சுண்ணாம்புப் பாறையும் எரிமலைப் பாறையான பசால்ட்டும் எவ்வளவு ஆழம் போனாலும் பொதுவாக இதைத் தராது. அதற்கான உபரி அலுமினியம் அவற்றில் இல்லை.

மணவாளக்குறிச்சித் தாது மணலில் இல்மனைட், சிர்கானுடன் சில்லிமனைட்டும் இருக்கிறது. கடற்கரையில் கிடைப்பதால் அங்கேயே பிறந்தது என்று எண்ண வேண்டாம். உள்நாட்டில் உள்ள உருமாறிய பாறைகள் சிதைந்து, ஆறும் அலையும் கொண்டுவந்து சேர்த்தது அது.

கடைசியாக உலைக்காரர்களுக்கு. உலைச் செங்கல் கலவையில் ஆண்டலுசைட்டைச் சுடாமலே சேர்க்கலாம். கயனைட்டை அதே நினைப்பில் கொட்டினால், 1300 டிகிரிக்கு மேல் அது முல்லைட் என்ற வெப்பம் தாங்கும் கனிமமாகவும் சிலிக்காவாகவும் பிரிந்து, கனஅளவில் 15 விழுக்காட்டுக்கு மேல் உப்பி, செங்கல்லை வெடிக்க வைத்துவிடும். முன்பே சுட்டு எடுத்த கயனைட்டையே பயன்படுத்த வேண்டும். கலவை சூட்டில் சுருங்கிப்போவதை ஈடுகட்ட வேண்டுமென்றால் மட்டும் சுடாததை அளவாகச் சேர்க்கலாம்.