மொட்டை மாடிக்குக் கீழ் வீடா? ஏசி இல்லாமல் இரவில் தூங்க நான் செய்தவை

திருச்சி உறையூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். கத்திரி வெயில் வரவேண்டியதில்லை, பங்குனி பிறந்தாலே எங்கள் வீட்டில் இரவுத் தூக்கம் போய்விடும். பதினொரு மணிக்கு வராந்தாவில் நின்றால் காற்று சுகமாக இருக்கும். உள்ளே வந்து படுத்தால் செங்கல் சூளை.

வெளியே ஆறிவிட்ட பிறகும் உள்ளே ஏன் வேகிறது? கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி அலமாரியில் கிடந்தது. அதில் பொருள்களின் பரப்பு வெப்பத்தை அளக்கவும் ஒரு பொத்தான் உண்டு. இரவு ஒன்பதரைக்கு உட்கூரையைப் பார்த்து அமுக்கினேன். 39 டிகிரி. வராந்தாச் சுவர் 32. அப்போதுதான் புரிந்தது, வில்லன் தலைக்கு மேலேயே படுத்திருக்கிறான். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ எடை இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவெல்லாம் நம் மேல் கக்குகிறது. மின்விசிறியை ஐந்தில் வைத்தால் கூரைக்கடியில் தேங்கிய அந்தச் சூட்டை இன்னும் வேகமாகக் கீழே இறக்கும், அவ்வளவுதான்.

ஆகவே வேலை மாடியிலிருந்து தொடங்குகிறது.

படி 1: மாடிக்குச் சுண்ணாம்பு

வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயிண்ட் கடையில் கிடைக்கிறது. நல்லதுதான், விலைதான் கூடுதல். வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பே போதும் என்பது என் கட்சி. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதில் நான் இரண்டு முறை சறுக்கினேன். முதல் முறை கல் சுண்ணாம்பை வாங்கி வந்து பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கடபுடவென்று கொதித்தது. வாளியின் அடிப்பாகம் மெழுகு போல இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, முகத்தில் தெறிக்கவில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தகர டின்னில் முதலில் தண்ணீரை வைத்து, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பயமாக இருந்தால் நீர்த்த சுண்ணாம்புத் தூளே வாங்கிக்கொள்ளுங்கள், அது கொதிக்காது. கையுறை, கண்ணாடி மட்டும் அதற்கும் வேண்டும்.

இரண்டாவது சறுக்கல் கொஞ்சம் நூதனமானது. வெயிலில் சீக்கிரம் காயுமே என்று மதியம் பன்னிரண்டு மணிக்கு அடித்தேன். பத்து நிமிடத்தில் பளீரென்று வெளுத்தது. பெருமையாக இருந்தது. ஒரே வாரத்தில் மாடியில் நடந்தவர்களின் பாதமெல்லாம் வெள்ளை. தளம் பழையபடி கறுப்பு. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்தால் பிடிக்காது. ஈரம் இருக்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகவேண்டும். கொதிக்கும் தளத்தில் ஈரம் உடனே ஓடிவிடுவதால் மாவாக உதிர்கிறது.

மூன்றாவது முறை சரியாக வந்தது. முந்தின நாள் மாடியைப் பெருக்கி, பாசியைச் சுரண்டிக் கழுவினேன். சுண்ணாம்பை இரவெல்லாம் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, ஆறிய கரைசலில் ஒரு கிலோ ஃபெவிகால் கலந்தேன். எங்கள் 600 சதுர அடிக்குச் சுண்ணாம்பு 15 கிலோ ஆனது. காலை ஆறு மணிக்குத் தளத்தை நனைத்து, தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருக்கும்போது முதல் பூச்சு. மறுநாள் அதே நேரத்தில் இரண்டாவது. ரோலர் வேண்டாம், சொரசொரத் தளத்தில் பள்ளங்களுக்குள் இறங்காது. நீளக் குச்சியில் கட்டிய துடைப்பம்தான் சரி.

அந்த வாரம் இரவு ஒன்பதரைக்கு உட்கூரை 35 காட்டியது.

படி 2: மாலையில் தண்ணீர், ஆனால் கொஞ்சமாக

முதலில் இருபது குடம் ஊற்றினேன். அத்தனையும் மாடி விளிம்பில் வழிந்து இறங்கி, கீழ்வீட்டு அக்கா காயப்போட்டிருந்த கூழ் வற்றல் மேல் கொட்டியது. இரண்டு நாள் பேச்சே இல்லை.

தளத்தைக் குளிரவைப்பது ஓடும் தண்ணீர் இல்லை, ஆவியாகும் தண்ணீர். ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பம் தேவை. அதில் பெரும்பகுதியைத் தளத்திலிருந்துதான் பிடுங்கும். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், அதாவது எங்கள் மாடிக்கு நாலு குடம் போதும். சூரியன் சாய்ந்ததும் பூவாளியில் தெளியுங்கள். காய்ந்ததும் இன்னொரு தடவை தெளித்தால் இன்னும் நல்லது. டாங்க் தண்ணீரே கொதிக்கிறதே, அதை ஊற்றி என்ன பயன் என்று என் தம்பி கேட்டான். சூடாக இருந்தாலும் பரவாயில்லை. ஆவியாகும்போது இழுக்கும் வெப்பத்துக்கு முன்னால் அந்தச் சூடு ஒன்றுமே இல்லை.

படி 3: ஜன்னலும் ஸ்டாண்டு ஃபேனும்

காலை எட்டு மணிக்கு ஜன்னல்களைச் சாத்தித் திரை போட்டுவிடுங்கள். வெளிக்காற்று உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு திறங்கள். எங்கள் வீட்டில் அது இரவு எட்டரை.

எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டால் காற்று வரும் என்று நினைத்தேன். ஃபேனையும் ஜன்னலோரம் வைத்து முகத்தைப் பார்க்கத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளாமல் வெளிக்காற்று எப்படி நுழையும்? இப்போது கூடத்து ஜன்னலுக்கு இரண்டடி முன்னால், வெளியே பார்த்தபடி ஃபேனை வைக்கிறேன். படுக்கையறையில் ஒரே ஒரு ஜன்னல் திறப்பு. நடுவிலுள்ள கதவு திறந்திருக்கும், மற்றதெல்லாம் அடைப்பு. சரியாக நடக்கிறதா என்று பார்க்க, திறந்த ஜன்னலருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை மேலே எழாமல் படுக்கைவசத்தில் உள்ளே ஓடவேண்டும். சுழன்றுகொண்டே நின்றால் எங்கோ இன்னொரு ஜன்னல் திறந்திருக்கிறது என்று பொருள். எனக்கு அது குளியலறை ஜன்னல்.

இப்படி அரைமணி நேரம், சீலிங் ஃபேனை நிறுத்தி வைத்து. அப்புறம் அதை இரண்டில் போட்டால் போதும். புதிதாக வாங்குவதாக இருந்தால் பிஎல்டிசி ஃபேன் வாங்குங்கள். பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் சுமாருக்கு ஓடுகிறது; கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் தாங்கும்.

படி 4: படுக்கை

ஃபோம் மெத்தையைச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் தரையில் கோரைப்பாய். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

முதலில் எழுதியபோது, ஜன்னலில் ஈர வெட்டிவேர்த் தட்டி கட்டச் சொல்லியிருந்தேன். சென்னையிலிருந்து ஒருவர், கட்டியதிலிருந்து உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, முன்பைவிட மோசம் என்று திட்டினார். அவர் சொன்னது சரி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடலோர ஊர்களில் தண்ணீர் ஆவியாவதே மெதுவாகத்தான். திருச்சி, கரூர், வேலூர் போன்ற வறண்ட வெயிலுக்குத்தான் தட்டி. ஏர் கூலருக்கும் இதே கதைதான். ஜன்னலை மூடிக்கொண்டு கூலர் போட்டால் எந்த ஊரிலும் புழுக்கம்.

கடும் வெயிலில் ஃபேன் மட்டும் போதுமா என்று வயதானவர்கள் உள்ள வீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அறைக்காற்றே 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தில் ஃபேனை நம்பாமல், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், மயக்கம் வந்தால் 108 தான்.

இன்னொன்று நானே கண்டுபிடித்தது. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. மாடித் தண்ணீர் மழைநீர்க் குழாய் வழியாகத் தரைத்தொட்டிக்குப் போகும் என்பதே நினைவில்லை. மறுநாள் வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் நீர்மோர் போல வந்தது. தொட்டியைக் காலி செய்து கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சுண்ணாம்பு அடித்த கையோடு அந்த மழைநீர்க் குழாயைக் கழற்றித் தெருப்பக்கம் திருப்பிவிடுங்கள். இரண்டு மூன்று மழை கழித்து, வருகிற தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.