நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தைப் பாதுகாப்பது எப்படி?

காலில் முள் குத்தினால் உடனே காலைத் தூக்கிவிடுகிறோம். செருப்பு கடித்தால் கழற்றி வைத்துவிடுகிறோம். வலி செய்துவந்த இந்தக் காவல் வேலை, நீரிழிவு உள்ள பலருக்கு அவர்கள் அறியாமலேயே மெல்ல நின்றுபோகிறது. அந்த வேலையைக் கண்ணிடமும் கையிடமும் ஒப்படைப்பதே பாதப் பராமரிப்பு.

உணவிலிருந்து வரும் குளுக்கோஸ் தசைச் செல்களுக்குள் செல்வதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் தேவை. முதல் வகை நீரிழிவில், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் தசையும் கல்லீரலும் அதற்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. நாளடைவில் கணையமும் ஓய்ந்துபோகிறது. மரபு, வயிற்றில் சேரும் கொழுப்பு, உடலுழைப்புக் குறைவு, வயது ஆகியவை இதில் ஒன்றுசேர்கின்றன என்பதால், இனிப்பு தின்றதால்தான் நோய் வந்தது என்று நோயாளியைக் குறைகூறுவது நியாயமன்று. வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 126 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்தை எட்டினாலோ அது நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது, உடலிலேயே நீளமான நரம்புகள்தாம் முதலில் பழுதாகின்றன. அதனால்தான் மதமதப்பும் எரிச்சலும் கால்விரல் நுனியில் தொடங்குகின்றன. தசைகளை இயக்கும் நரம்புகள் தளரும்போது விரல்கள் வளைந்து, அடிப்பாதத்தின் சில இடங்களில் மட்டும் உடல் எடை அழுந்தித் தோல் தடிக்கிறது. வியர்வையைத் தூண்டும் நரம்புகள் செயலிழப்பதால் தோல் வறண்டு பித்தவெடிப்பு உண்டாகி, கிருமிகளுக்கு வாசல் திறக்கிறது. இவற்றோடு காலின் ரத்தக் குழாய்களும் குறுகிவிட்டால், சிறு கீறல்கூட ஆறாத புண்ணாகிவிடும். புகைபிடித்தல் இந்தக் குறுக்கத்தை விரைவுபடுத்துவதால், அதை முற்றிலும் கைவிட வேண்டும்.

உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். நோயாளி கண்களை மூடிக்கொள்ள, வீட்டில் ஒருவர் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடிகள் மென்மையாகத் தொட வேண்டும். தட்டவோ அழுத்தவோ கூடாது. உணராத விரலை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தொடுதலை உணராவிட்டால், பாதம் ஆபத்தில் இருப்பதாகக் கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதில் குறை தெரியாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் பாதங்களைக் காட்டி, உணர்ச்சியையும் நாடித்துடிப்பையும் சோதித்துக்கொள்வது அவசியம்.

நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் பாதங்களைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கலாம். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டும். பலரும் பார்க்க மறக்கும் இடம் விரலிடுக்கு. அங்கே தோல் வெளுத்து ஊறியிருந்தால் சேற்றுப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கழுவும் நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல், முழங்கையாலோ வெப்பமானியாலோ பார்க்க வேண்டும். 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இருப்பதே பாதுகாப்பு. விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தபின் பாதத்துக்கு மாய்ஸ்சரைசர் தடவலாம், இடுக்குகளில் மட்டும் தடவக் கூடாது. நகங்களை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், அதற்கென விற்கப்படும் அமிலப் பிளாஸ்திரியை ஒட்டுவதும், மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் பெருந்தீங்கில் முடிந்துவிடும்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். ஷூவுக்குள் விழுந்த சட்டைப் பொத்தான் மேல் நாள் முழுவதும் நடந்துவிட்டு, மாலையில் காலுறையில் ஒட்டியிருக்கும் ஈரக் கறையைப் பார்த்த பிறகே அதை அறிபவர்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு முறையும் அணியும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். காலுறை வெளிர்நிறமாக இருந்தால் கறை சட்டெனத் தெரியும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரமே புதுக் காலணி வாங்க ஏற்றது.

புண், கொப்புளம், சீழ், துர்நாற்றம், விரல் கருத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. எலும்புகள் நொறுங்கி பாதத்தின் வடிவமே குலைந்துபோகும் ‘சார்கோ பாதம்’ அப்படித்தான் தொடங்குகிறது. மருத்துவர் பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம்.

புண் வந்துவிட்டால், வலியில்லை என்ற தெம்பில் அதன்மேல் நடந்துகொண்டே இருப்பதுதான் ஆறாமைக்குப் பெருங்காரணம். அழுத்தத்தைக் குறைக்க மருத்துவர் போடும் மாவுக்கட்டுடனோ, தரும் தனிக் காலணியை அணிந்தோதான், இரவில் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் நாலடித் தொலைவுக்கும் நடக்க வேண்டும். ஆறிய பிறகும் ஓராண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் நால்வருக்குப் புண் திரும்ப வருவதால், முன்பு புண்ணிருந்த அந்த இடத்தை ஒவ்வொரு நாளும் முதலில் பாருங்கள்.