கீரையைத் தொடாத பியர்டட் டிராகனைச் சாப்பிட வைத்த கதை

குட்டியாக இருந்தவரை, நாங்கள் வளர்க்கும் ஓணான் வகையான பியர்டட் டிராகனுக்குப் பூச்சிதான் முக்கிய உணவு; அந்த வயதுக்கு அதுதான் சரி. வளர்ந்தபின் கீரை அதிகமாகவும் பூச்சி குறைவாகவும் மாற வேண்டும். இவனோ கீரைக் கிண்ணத்தை மிதித்துக்கொண்டு பூச்சிக்காகக் காத்திருப்பான்.

கைகொடுத்தது நேரமும் அசைவும்தான். காலையில் விளக்கடியில் உடம்பு நன்றாகச் சூடேறிய பிறகு முதலில் கீரையை வைத்தேன். கடுகுக்கீரையும் டேன்டேலியன் இலையும் பொடியாக நறுக்கியது, மேலே துருவிய மஞ்சள் பூசணி, அதன்மேல் உயிருள்ள புழு இரண்டு. புழு நெளிந்ததும் தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தான். நாக்கை நீட்டிக் கவ்வியபோது இலையும் சேர்ந்தே வாய்க்குள் போனது! போகப் போக, புழு இல்லாமலும் தின்னத் தொடங்கினான். பூச்சியை வாரத்துக்கு 2, 3 முறையாகக் குறைத்ததுதான் அடம் தளர்ந்ததற்குப் பெரிய காரணம் என்பேன்.

பசலைக்கீரையைத் தினமும் கொடுக்காதீர்கள்; அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவகாடோ விஷம். மின்மினிப் பூச்சி ஒன்றைத் தின்றாலே உயிர் போய்விடும்.

பூச்சியின் அளவு, டிராகனின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. கொடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே பூச்சிகளுக்குக் கேரட்டும் இலையும் போட்டுவிடுவேன். பிறகு பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் தூளில் புரட்டித் தருவேன். யுவிபி (புற ஊதா-பி கதிர்) விளக்கு சரியில்லை என்றால் அந்தக் கால்சியம் உடம்பில் சேராது. வெளிச்சம் குறையாமலே யுவிபி வலு இறங்கிவிடும், அதனால் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் அந்தக் குழல்விளக்கை மாற்றிவிடுங்கள். சாப்பாடு குறைந்து எடையும் இறங்கினால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.